தகவல் சொல்லியாச்சு, குழந்தை வரவில்லை

நான் ஓய்வு பெற்ற அன்று வார்டில் கேக் வெட்டினோம். பிரசவ அறைப் பெண்கள் தாங்கள் கையில் ஏந்திய பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரட்டைப் பிள்ளை, கால் முதலில் வந்த பிள்ளை, லிப்டிலேயே பிறந்துவிட்ட பிள்ளை. புதிதாக வந்த ஒருத்தி என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்க எத்தன பிள்ளய புடிச்சிருப்பீங்க?" என்று கேட்டாள். "நான் புடிச்சதெல்லாம் போன்லதான் லா," என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாயில் கேக்கோடு நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் உறுத்தியது. சிரிக்கிற விஷயமா அது? அதனால்தான், என் பழைய மேசையில் இப்போது உட்கார வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். தற்பெருமை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அத்தனை வருஷம் ஓடியாடியவளுக்கு அந்த உரிமை உண்டு.

மேசை வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இந்தத் தீவில், ஜார்ஜ் டவுனில் இருக்கிற எங்கள் மருத்துவமனையில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும், பிறந்த கையோடு தொப்புள்கொடியிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்புகிறோம். குழந்தையின் கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி வேலை செய்கிறதா என்று பார்க்க. குழந்தைக்கு ஊசி குத்துவதில்லை, அதனால் அது அழுவதில்லை, அதனால் அப்படி ஒரு ரத்தம் எடுத்ததே பல தாய்மாருக்குத் தெரியாது. ரிசல்ட் சில நாள் கழித்து வரும். அதற்குள் தாயும் பிள்ளையும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். சந்தேகமான ரிசல்ட் வந்தால், அந்தக் குழந்தையைத் திரும்ப வரவழைத்து மறு ரத்தம் எடுக்க வேண்டும். வரவழைக்க வேண்டியவள் நான்.

எனக்கு முதுகுவலி வந்ததால் அந்த மேசையில் உட்கார வைத்தார்கள். ஆரம்பத்தில் அதைத் தண்டனையாகத்தான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. இந்த வியாதி உள்ள குழந்தை பிறக்கும்போது கொழுகொழுவென்று மற்ற குழந்தைகளைப் போலவே இருக்கும். தாயின் உடம்பிலிருந்து வந்த சத்து கொஞ்ச நாள் தாங்கும். அது தீர்ந்த பிறகு மூளை பட்டினி கிடக்க ஆரம்பிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். அந்தப் பிள்ளை நடக்கப் பிந்தும், பேசப் பிந்தும், பள்ளிக்கூடத்தில் உட்கார முடியாமல் போகும். ஆனால் முதல் இரண்டு வாரத்துக்குள் ஒரு சின்ன மாத்திரையை ஆரம்பித்துவிட்டால், எந்தப் பிள்ளைக்கும் சளைக்காமல் வளரும். நடுவில் இருப்பது ஒரு போன் கால். இப்போது சொல்லுங்கள், நான் பிள்ளை பிடித்தேனா இல்லையா?

எனக்குத் தமிழ், மலாய், இங்கிலீஷ் மூன்றும் சரளம். பாசாரில் மீன் பேரம் பேசுகிற அளவுக்கு ஹொக்கியன் சீனமும் வரும். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி விஷயத்தைச் சொல்லத் தெரிந்தவள் என்று வார்டில் எனக்குப் பெயர். அந்தப் பெயரில் எனக்கு ஏகப்பட்ட கர்வம். அந்தக் கர்வத்தால்தான் ஒரு குழந்தையைக் கிட்டத்தட்டத் தொலைத்தேன்.

கவிதா என்று அந்தப் பெண்ணை வைத்துக்கொள்வோம். தலைப்பிரசவம், பெண் குழந்தை, ஒரு சிக்கலும் இல்லை. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நாலாம் நாள் ரிசல்ட் வந்தது. அளவு எக்கச்சக்கம். "நாளைக்கே வரச் சொல்" என்று டாக்டரம்மா தாளின் மேலேயே எழுதியிருந்தார். பைலில் ஒரே ஒரு போன் நம்பர், புருஷனுடையது. அவர் கடலுக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். பத்து தடவை அடித்தும் எடுக்கவில்லை. மத்தியானம் அவரே கூப்பிட்டார்.

"மிஸ்ஸி, வேல நேரத்துல போன லாக்கர்ல வெச்சிடணும். அதான் எடுக்க முடியல. என்ன விஷயம்?"

குரலில் ஒரு நடுக்கம். புதுசாக அப்பா ஆனவன். ஆஸ்பத்திரியிலிருந்து பத்து மிஸ்ட் கால் என்றால் யாருக்குத்தான் பயம் வராது? எனக்குப் பாவமாக இருந்தது.

"பயப்பட ஒண்ணுமில்ல தம்பி. பாப்பாவுக்கு இன்னொரு தடவ கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பாக்கணும். சும்மா ஒரு செக்கிங்தான். சீக்கிரமா ஒரு நாள் கொண்டு வாங்க."

"அப்பாடா," என்றார் அவர். "பிள்ள கவிதாவோட அப்பா வீட்ல இருக்கா மிஸ்ஸி. முப்பது நாள் முடியற வரைக்கும் அங்கதான். நான் சொல்லிடறேன்."

"கவிதாகிட்ட பக்குவமா சொல்லுங்க. பச்ச உடம்புக்காரி, பயந்துடப் போறா."

இந்தக் கடைசி வரியும் நான் சொன்னதுதான். நம் வீடுகளில் அது ஒரு சட்டம். பிள்ளை பெற்றவளிடம் சாவுச் செய்தி சொல்ல மாட்டோம், சண்டையைச் சொல்ல மாட்டோம். பால் வற்றிவிடும் என்பார்கள். நர்ஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டு முப்பது வருஷம் வேலை செய்தவள், போனை எடுத்த அந்த நிமிஷம் நம் வீட்டுப் பொம்பளையாக மாறிவிட்டேன். போனை வைத்துவிட்டுப் பதிவேட்டில், "தந்தைக்குத் தகவல் சொல்லப்பட்டது" என்று மலாயில் எழுதி, அடியில் கோடு போட்டேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதிலும் எனக்குக் கர்வம்.

அதன் பிறகு பொது விடுமுறை வந்தது. அதோடு சேர்த்து எனக்கு லீவு. திரும்பி வந்த திங்கட்கிழமை காலை டாக்டரம்மா மேசைக்கு வந்தார். ஆள் குள்ளம், சத்தமாகப் பேசவே மாட்டார். சீனத்தி, ஆனால் நம் பாட்டிமார் பெயரையெல்லாம் நம்மைவிடச் சரியாக உச்சரிப்பார். பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். மற்ற வரிகளிலெல்லாம் மறு ரத்தத்தின் அளவு எழுதியிருந்தது. ஒரு வரியில் மட்டும் என் அழகான கையெழுத்து.

"இந்தக் குழந்தை எங்கே?"

"அப்பாவுக்குத் தகவல் சொல்லியாச்சு டாக்டர்."

"நான் அப்பாவைக் கேட்கவில்லை."

"இன்றைக்கு அதற்கு எத்தனை நாள்?" என்று கேட்டார். விரல் விட்டு எண்ணினேன். பதினொன்று. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, "இன்னும் நாள் இருக்கிறது, போய்க் கண்டுபிடி," என்று சொல்லிவிட்டு ரவுண்ட்ஸ் போய்விட்டார்.

புருஷனுக்கு அடித்தேன். லாக்கரில் இருக்கிற போன் எப்படி எடுக்கும்? எந்தத் தொழிற்சாலை என்று பைலில் இல்லை. வீட்டு விலாசம் இந்தப் பக்கம், தீவில் ஒரு அடுக்குமாடி. அந்தப் பகுதி நர்ஸ் வழக்கம்போல வீட்டுக்குப் போய்ப் பார்த்து, "வீடு பூட்டியிருந்தது" என்று எழுதி வைத்திருந்தாள். அவள் மேல் தப்பில்லை. பூட்டின வீட்டில் யாரைப் பார்ப்பாள்? நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வீடு, அப்பா வீடு என்று அந்தப் பையன் சொன்னானே, எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை.

பைலை மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் கவிதாவின் ஐசி, அதாவது அடையாள அட்டையின் நகல். நம் பெண்கள் கல்யாணமாகிப் பல வருஷம் ஆனாலும் ஐசியில் விலாசத்தை மாற்ற மாட்டார்கள். சோம்பல்தான், வேறென்ன. என் ஐசியிலேயே ரொம்ப நாள் என் அப்பா வீட்டு விலாசம்தான் இருந்தது. அந்த நினைப்பில் நகலைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடலுக்கு அந்தப் பக்கம், சுங்கை பாக்காப்பில் ஒரு தாமான், அதாவது குடியிருப்பு. வீட்டு எண்ணோடு இருந்தது. அந்தச் சோம்பலுக்குக் கோயிலில் ஒரு தேங்காய் உடைக்கலாம்.

உடனே அந்த வட்டாரத்துக் கிளினிக்குக்கு அடித்தேன். கக் ரோஸ் என்று ஒரு மலாய் நர்ஸ் எடுத்தாள். "அப்படி ஒரு குழந்தை எங்கள் லிஸ்டிலேயே இல்லையே அக்கா," என்றாள். எப்படி இருக்கும்? தீவில் பிறந்த குழந்தை, இன்னும் பெயர் வைக்கவில்லை, கடல் தாண்டிப் போனதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. "நான் இப்போதே போய்ப் பார்க்கிறேன்," என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முக்கால் மணி நேரத்தில் கூப்பிட்டாள். குழந்தை அங்கேதான் இருக்கிறது. ஆனால் வீட்டுப் பெரியவர் அறைக்குள் விட மறுக்கிறார். முப்பது முடியாமல் பிள்ளை வாசல் தாண்டாது என்கிறார். போன வாரமே ஆஸ்பத்திரிக்காரம்மா, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

ஆஸ்பத்திரிக்காரம்மா யார்? நான்தான்.

கக் ரோஸிடம் போனிலேயே பெரியவரோடு பேசுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் போனில் பூசி மெழுகிப் பேசிய ஆள், அதே போனில் திடீரென்று பயமுறுத்தினால் எவன் நம்புவான்? சொன்ன வாய் நேரில் போக வேண்டும் என்று தோன்றியது. டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, என் காடியை ஓட்டிக்கொண்டு, கடலைத் தாண்டுகிற இரண்டாம் பாலத்தில் ஏறினேன். பாலம் முழுக்க என்ன பேசுவது என்று எனக்கு நானே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு தடவையும், "பயப்படாதீங்க" என்றுதான் ஆரம்பித்தது. பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா?

தாமானில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. கேட்டில் ஒரு மரத்தையே ஒடித்துக் கட்டின மாதிரி வேப்பிலை. ஹாலில் கக் ரோஸ் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் தேத்தண்ணி, பிஸ்கட், வாழைப்பழம் எல்லாம் வைத்து உபசரித்திருந்தார் பெரியவர். ஆனால் அறைக் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு அவரே உட்கார்ந்திருந்தார். கவிதாவின் அப்பா. லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவர், நல்ல ஆகிருதி. வீடு முழுக்கப் பூண்டும் நல்லெண்ணெயும் மணத்தது. அடுப்பில் சுறா வெந்துகொண்டிருந்தது. வீட்டில் வேறு பொம்பளை யாரையும் காணோம்.

"வாங்க மிஸ்ஸி. உக்காருங்க. இந்த மிஸ்ஸிகிட்டயும் சொல்லிட்டேன். தப்பா நெனக்காதீங்க, உள்ள போக முடியாது லா."

"அண்ணே, வீட்டுல அக்கா..."

"போய் சேந்துட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு." சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். "அவ இருந்தா எல்லாம் அவளே பாத்திருப்பா. இப்ப நான்தான் பத்தியம் ஆக்குறேன், நான்தான் தண்ணி காய வெக்கிறேன். எங்க அக்காகிட்ட போன்ல கேட்டுக் கேட்டு செய்யறேன். அம்மா இல்லாத பொண்ணுக்கு அப்பன் சரியா செய்யலன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிடக் கூடாது பாருங்க."

நம் ஊரில் எத்தனை ஆம்பளைகள் சுறா அவிக்கத் தெரிந்தவர்கள்? அந்த மனுஷனை எப்படிப் பயமுறுத்துவது என்று தெரியாமல், "பாப்பா எப்படி இருக்கா அண்ணே?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"தங்கம் மிஸ்ஸி! அழவே மாட்டா. பால் குடுக்கறதுக்கே எழுப்பணும், அவ்வளவு சமர்த்து. குடிச்சிட்டு இருக்கும்போதே தூங்கிடுவா. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவதான் துணி மாத்துற வேலையே. பக்கத்து வீட்டு சீனம்மா வந்து, இவ்ளோ நல்ல பிள்ளய நான் பாத்ததே இல்லன்னு சொல்றா. கொஞ்சம் மஞ்சள் இருக்கு. அதுக்கு காலைல ஜன்னலோரம் வெயில்ல காட்டுறேன்."

அவர் சொல்லச் சொல்ல எனக்கு வேர்த்தது. கக் ரோஸுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள். பிள்ளைகளே, இதை மட்டும் மறக்காதீர்கள். ஒரு வீட்டில் குழந்தையைப் புகழ்ந்து சொல்கிற வார்த்தைகளையே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். அழாத குழந்தை, தூங்கிக்கொண்டே இருக்கிற குழந்தை, மஞ்சள் இறங்காத குழந்தை. அந்தப் பெரியவர் சந்தோஷத்தோடு சொன்னது ஒவ்வொன்றும் எங்கள் புத்தகத்தில் இருக்கிற வியாதியின் அடையாளம்.

"அண்ணே, ஒண்ணும் பயப்..." என்று ஆரம்பித்தேன். அங்கேயே நிறுத்தினேன். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன்.

"அண்ணே, போன வாரம் உங்க மருமகன்கிட்ட நான் உண்மைய முழுசா சொல்லல. அது என் தப்பு. பிள்ளைக்கு உடம்புல ஒரு சத்து சுரக்கல போல இருக்கு. இப்படியே விட்டா மூள வளராது. முப்பது வரைக்கும் காத்திருக்க முடியாது. இன்னிக்கே நான் கூட்டிட்டுப் போகணும்."

அவர் எழுந்துவிட்டார். கோபமா பயமா தெரியவில்லை. "மெதுவா பேசுங்க! மெதுவா!" என்று கையை ஆட்டினார். "உள்ள பொண்ணு இருக்கா. காதுல விழுந்தா பால் வத்திடும். என்ன இது, அன்னிக்கு ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு பேசறீங்க? என் பேத்திக்கு ஒண்ணும் இல்ல. பாத்தா தெரியல?"

"பாத்தா தெரியாது அண்ணே. அதுதான் இந்த வியாதி."

"நீங்க போங்க மிஸ்ஸி. முப்பது முடியட்டும், நானே கொண்டு வரேன்."

அந்த இடத்தில் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. குரலைக் கூட்டினால் அவர் கதவைச் சாத்திவிடுவார். குறைத்தால் மறுபடி மெழுகியதாகிவிடும். நான் வாயைத் திறக்கும் முன்னால், அவருக்குப் பின்னாலிருந்த கதவு திறந்தது.

தலையில் துண்டு கட்டி, வயிற்றில் துணி இறுக்கிக் கட்டி, கையில் குழந்தையோடு கவிதா நின்றாள். இருபத்தி நாலு வயசு இருக்கும். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"மிஸ்ஸி, எங்கிட்ட சொல்லுங்க. எந்த ரத்தம்? எப்ப எடுத்தீங்க?"

சொன்னேன். தொப்புள்கொடி ரத்தம், ரிசல்ட், அளவு, என்ன ஆகும், எப்போதுக்குள் மருந்து ஆரம்பிக்க வேண்டும், எல்லாம். எதையும் மெழுகவில்லை. அவள் என் கண்ணைப் பார்த்தபடியே கேட்டாள்.

"மருந்து இருக்கா?"

"இருக்கு. சின்ன மாத்திரதான். தினமும் குடுக்கணும்."

"குடுத்தா சரியாயிடுமா?"

"இப்ப ஆரம்பிச்சா, மத்த பிள்ளைங்க மாதிரியே வளருவா."

"அப்பா, காடி சாவிய எடுங்க."

"ஐயோ, பதினோரு நாள்தான்மா ஆச்சு. வெளிய காத்து... அம்மா இருந்தா விடுவாளா?"

"அம்மா இருந்திருந்தா இந்நேரம் காடில ஏறி உக்காந்திருப்பாங்கப்பா."

அவ்வளவுதான். மலை மாதிரி நின்ற மனுஷன் அப்படியே அடங்கிப் போனார். அடுப்பை அணைத்தார். அதன் பிறகு அவர் செய்த ஏற்பாட்டைப் பார்க்க வேண்டுமே! மகளின் காதில் பஞ்சு, கழுத்தைச் சுற்றித் துண்டு, பிளாஸ்கில் சுடுதண்ணி, குழந்தையின் துணிக்குள் ஒரு இரும்புச் சாவி, காடியின் முன்னால் ஒரு கொத்து வேப்பிலை. வழியில் எந்தக் காத்துக் கருப்பும் அண்டக்கூடாதாம். ஒன்றையும் நான் தடுக்கவில்லை. பிள்ளை வாசலைத் தாண்டிவிட்டது, எனக்கு அது போதும். நான் முன்னால் போக, அவர் பின்னால் வந்தார். பாலம் முழுக்க இரண்டு பக்கமும் லைட்டை மினுக்கிக்கொண்டு, லாரியில் முட்டை ஏற்றி வருகிறவர் மாதிரி அவ்வளவு மெதுவாக. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹார்ன் அடித்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

டாக்டரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். ரத்தம் எடுக்கும்போது குழந்தை லேசாக முனகியது, அவ்வளவுதான். அதைக் கேட்ட டாக்டரம்மா ரிசல்ட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. "முதல் மாத்திரையை இப்போதே கொடுக்கலாம்," என்றார். நான் மாத்திரையைப் பொடித்துத் தாய்ப்பாலில் குழைத்துக் கரண்டியில் எடுத்தேன். கவிதா கையை நீட்டி, "நான் குடுக்கறேன்," என்றாள். ஒரு துளி சிந்தாமல் கொடுத்தாள். மறுநாள் வந்த ரிசல்ட், முதல் அளவைவிட மோசமாக இருந்தது.

முப்பது கழிந்து பெயர் வைத்த பிறகு, மறு பரிசோதனைக்கு வந்தார்கள். ஊசி குத்தியதும் அந்தக் குழந்தை போட்ட சத்தம்! கிளினிக்கே திரும்பிப் பார்த்தது. பெரியவர் என்னிடம் வந்து முறையிடுகிற மாதிரி, "ஒரு நிமிஷம் உக்கார விடமாட்டேங்குறா மிஸ்ஸி. எப்பப் பாரு தூக்கி வெச்சுக்கணும். சரியான வம்புக்காரி லா!" என்றார். அவர் வாயெல்லாம் பல். எனக்கும்தான்.

அன்றைக்குக் கவிதா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னாள். "மிஸ்ஸி, அன்னிக்குப் போன்ல எங்கிட்டயே சொல்லியிருந்தீங்கன்னா, மறுநாளே வந்திருப்பேன். ஆறு நாள் போச்சே." கோபமாகச் சொல்லவில்லை. கணக்காகச் சொன்னாள். பக்குவம், பக்குவம் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து யாரிடம் மறைத்தோமோ, அவள்தான் அந்த வீட்டிலேயே தைரியசாலி. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷமும் ஒரு பாலமும் தேவைப்பட்டது.

அந்த வாரமே பதிவேட்டில் "தகவல் சொல்லப்பட்டது" என்ற கட்டத்தை நீல மையால் அடித்துவிட்டு, "குழந்தை வந்த நாள்" என்று எழுதினேன். அது நிரம்புகிற வரைக்கும் அந்த வரி முடிந்த வரி இல்லை. டாக்டரம்மா பார்த்தார், தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினால் பட்டம் வாங்கின மாதிரி. அதோடு, வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு தாயிடமும், "இந்த மாசம் முழுக்க எங்க இருப்பீங்க? உங்க சொந்த நம்பர் என்ன?" என்று கேட்க ஆரம்பித்தோம். நம் ஆட்கள் அம்மா வீடு என்பார்கள். மலாய்ப் பெண்கள் பாந்தாங் என்கிற பேறுகாலப் பத்தியத்துக்காகக் கம்போங்குக்கு, அவர்கள் கிராமத்துக்குப் போவார்கள். சீனப் பெண்கள் பிள்ளை பெற்றவர்களுக்கென்றே இருக்கிற இல்லத்தில் ஒரு மாசம் தங்குவார்கள். இந்த ஊரில் மூன்று இனமும் ஒத்துப்போகிற விஷயம் அது ஒன்றுதான். பிள்ளை பெற்றவளை எங்கேயாவது கொண்டுபோய் ஒளித்து வைத்துவிடுவார்கள். நாம் தேடுவதோ பைலில் எழுதின விலாசத்தில்.

அதற்குப் பிறகு, நான் அந்த மேசையில் இருந்த வரைக்கும், என் பதிவேட்டில் ஒரு வரிகூட வெறுமையாக நிற்கவில்லை. இதை நான் தலை நிமிர்ந்து சொல்வேன். கேக் தின்றுகொண்டே சிரித்தவர்களிடமும் சொல்வேன்.

என் வேலையின் கடைசி வருஷத்தில் கவிதா மறுபடி பிரசவத்துக்கு வந்தாள். ஆண் குழந்தை. வார்டுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ரத்தம் எடுத்துட்டீங்களா மிஸ்ஸி?" என்பதுதான். எடுத்தாயிற்று என்றேன். பேனாவை வாங்கிப் படிவத்தில் அவள் கையாலேயே தன் நம்பரை எழுதினாள். "ரிசல்ட் எதுவா இருந்தாலும் எனக்கு அடிங்க. அவருக்கு இல்ல, அப்பாவுக்கு இல்ல. எனக்கு."

சரியான ரிசல்ட்டுக்கு நாம் யாரையும் கூப்பிடுவதில்லை. அது வழக்கம் இல்லை, அதற்கு நேரமும் இல்லை. ஐந்தாம் நாள் தாளைப் பார்த்ததும் நான் போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கவிதா, நார்மல்மா. ஒரு குறையும் இல்ல."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அடக்க முடியாமல், விக்கி விக்கி அழுதாள். முதல் பிள்ளைக்கு அத்தனை நடந்தபோதும் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை. அவள் அழுது முடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.